கடலை அமிலமாக்குவது யாருடைய தட்டு?

‘மாட்டிறைச்சியைக் கைவிடுங்கள்’ என்ற அறிவுரை சூழலியல் பரப்புரைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. கடலைக் காக்கத் தனிமனிதர் ஆற்ற வேண்டிய கடமைகளின் பட்டியலிலும் அது நுழைந்துவிட்டது. உணவின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களின் பக்கம் நிற்கும் நாம் இதன் அறிவியலைச் சரிபார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அது நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகள் நீரிலுள்ள கார்பனேட்டைப் பிணைத்துக்கொள்கின்றன. பவளமும் சிப்பியும் தம் கூட்டைக் கட்டத் தேவைப்படுவது அந்தக் கார்பனேட்தான். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடற்பரப்பின் பிஎச் அளவு இன்று 8.1க்கு அருகில் உள்ளது. இது மடக்கை அளவுகோல் என்பதால், சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டின் பொருள் ஹைட்ரஜன் அயனிகள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டன என்பதே.

மாடு செரிமானத்தின்போது வெளியேற்றுவது மீத்தேன். அது புவியை வெப்பமாக்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடலை அமிலமாக்கும் வாயு அதுவன்று. சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் அது சிதைந்து கார்பன் டை ஆக்சைடாக மாறினாலும், அந்தக் கார்பன் புல்லும் வைக்கோலும் காற்றிலிருந்து முன்பே எடுத்துக்கொண்டதுதான். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்ததன்று. அமேசான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கும் பிரேசிலின் கதை வேறு. இந்தியாவில் மாடும் எருமையும் பெரும்பாலும் பாலுக்காகவே வளர்க்கப்படுகின்றன. உலகிலேயே மிகுதியாகப் பால் கறக்கும் நாடு இது. எனினும் நெய்யையும் பனீரையும் கைவிடுமாறு உறுதிமொழித் தாள்கள் கேட்பதில்லை. ஏன் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

‘கார்பன் தடம்’ என்ற சொல்லாட்சியை மக்களிடையே பரப்பியதில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் 2000களின் விளம்பரங்களுக்குப் பெரும் பங்குண்டு. பொறுப்பு எண்ணெய்க் கிணற்றிலிருந்து வீட்டு அடுப்புக்கு இடம் மாறியது இப்படித்தான். ஐபிசிசியின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வீட்டு நுகர்வால் நேரும் உமிழ்வில் 34 முதல் 45 விழுக்காடு வரை, மிகுதியாக உமிழும் 10 விழுக்காட்டுக் குடும்பங்களுடையது. கீழ்ப்பாதியினரின் பங்கு 13 முதல் 15 விழுக்காடு. தனிமனிதக் குறைப்பு வீண் என்று நாம் கூறவில்லை. வானூர்தியும் சொந்தக் காரும் நாள்முழுதும் ஓடும் குளிரூட்டியும் உடையோர் குறைத்துக்கொள்ளட்டும்.

சட்டம் கைகாட்டும் திசையும் இதுவே. பசுமைக்குடில் வாயுக்கள் ‘கடல் மாசு’ என்ற வரையறைக்குள் அடங்கும் என்றும், அவற்றைத் தடுத்துக் குறைப்பது அரசுகளின் கடமை என்றும் பன்னாட்டுக் கடல்சட்டத் தீர்ப்பாயம் 2024 மே 21 அன்று கருத்துரைத்தது. சிறு தீவு நாடுகள் கேட்டுப் பெற்ற கருத்துரை அது, கட்டுப்படுத்தும் தீர்ப்பன்று. ஆயினும் அது விளக்கிய உடன்படிக்கையை இந்தியா 1995இலேயே ஏற்றுள்ளது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமையை, அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளிலிருந்து நம் உச்ச நீதிமன்றம் ரஞ்சித்சிங் வழக்கில் 2024 மார்ச் மாதம் வருவித்தது.

மன்னார் வளைகுடாவின் பவளத்தீவுகளுக்கு அருகில், தூத்துக்குடிக் கரையில் நிலக்கரி அனல்மின் நிலையம் நிற்கிறது. பொதுத்துறை அனல்மின் நிலையங்கள் ஆண்டுக்கு எவ்வளவு நிலக்கரியை எரிக்கின்றன என்பதைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்த மாணவரும் கேட்கலாம்.