கார்களை எண்ணிவிட்டார்கள், பிறகு ஏன் நெரிசல்?

சாலை நெரிசல் பற்றிய எங்கள் கருத்துக்களம் ஒளியேறிய அன்று, பூச்சோங்கிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் வந்தார். "ஏம்மா, எங்க தாமானுக்கு முன்னால மூணு கொண்டோ எழும்பியாச்சு. காலையில முச்சந்தியைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகுது. அனுமதி கொடுக்கறதுக்கு முன்னால ஒருத்தராவது வந்து இந்த ரோட்டைப் பார்த்தாங்களா?" என்று கேட்டார். நிகழ்ச்சி நேரம் முடியும் தறுவாயில் இருந்ததால் அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பார்த்தார்கள் ஐயா. பார்த்து, எண்ணி, அறிக்கையும் எழுதியிருப்பார்கள். அப்படி எழுதிய பிறகும் ஏன் இந்த நிலைமை என்பதுதான் கேள்வி.

பெரிய அடுக்குமாடியோ பேரங்காடியோ கட்ட விரும்பும் மேம்பாட்டாளர், ஊராட்சி மன்றத்திடம் அனுமதி கேட்கும்போது போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு என்ற ஆய்வறிக்கையையும் கொடுக்க வேண்டும். சுருக்கமாக 'டிஐஏ' என்பார்கள். ஆய்வு செய்பவர்கள் முதலில் அக்கம்பக்கத்து முச்சந்திகளில் ஆள் நிறுத்தியோ கேமரா வைத்தோ காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்து வாகனங்களை எண்ணுகிறார்கள். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் வாரத்திலும் எண்ணக்கூடாது; எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும். அடுத்து, புதிய வீடுகளிலிருந்து உச்ச நேரத்தில் எத்தனை வாகனங்கள் வெளியேறும் என்று மதிப்பிடுகிறார்கள். இதற்கென்றே பொதுப்பணி அமைச்சின் நெடுஞ்சாலைத் திட்டமிடல் பிரிவு ஒரு கையேடு வைத்திருக்கிறது. அந்த வாகனங்கள் எந்தெந்தப் பக்கம் திரும்பும் என்று பங்கிட்டு, பழைய கணக்கோடு கூட்டி, முச்சந்திக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 'ஏ' என்றால் சுகமான ஓட்டம், 'எஃப்' என்றால் நகர முடியாத நிலை. 1965-இல் அமெரிக்க நெடுஞ்சாலைக் கையேட்டில் வந்த இந்த முறையைத்தான் உலகின் பல நாடுகள் இன்றும் பின்பற்றுகின்றன.

நான் படித்தது மக்கள் தொடர்பியல் டிப்ளோமா. கணக்கில் நான் எப்போதும் சுமார்தான். ஆனால் அடுத்து வரும் கணக்கு எனக்கே புரிந்தது.

சமிக்ஞை விளக்கு உள்ள ஒரு முச்சந்தியில், ஒரு தடத்துக்கு ஒரு மணி நேரம் முழுவதும் பச்சை விளக்கே எரிந்தால் ஏறத்தாழ 1,900 கார்கள் கடக்கலாம். ஆனால் மற்ற சாலைகளுக்கும் வழிவிட வேண்டும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு நேரந்தான் பச்சை என்று வைத்துக்கொள்வோம். சுமார் 630 கார்கள். இப்போது அங்கே 500 கார்கள் வருகின்றன என்றால் பிரச்சினை இல்லை. முதல் கொண்டோ காலையில் 60 கார்களைச் சேர்க்கிறது. மொத்தம் 560. கொள்ளும், அனுமதி கிடைக்கிறது. இரண்டாவது மேம்பாட்டாளரும் அதே 500-இல் தொடங்கித் தம்முடைய 60-ஐக் கூட்டுகிறார். அவருக்கும் 560. மூன்றாமவருக்கும் 560. மூன்று அறிக்கைகளிலும் பிழை இல்லை. ஆனால் மூன்றிலும் குடி வந்த பிறகு முச்சந்திக்கு வருவது 680 கார்கள். கடக்க முடியாத 50 கார்கள் அந்த ஒரு மணி நேர முடிவில் வரிசையில் நிற்கும். ஒரு காருக்கு இடைவெளியோடு 7 மீட்டர் என்றால் 350 மீட்டர் வரிசை. பெரியவர் தாமான் வாசலில் பார்ப்பது இந்த வரிசையைத்தான்.

முறையாகச் செய்யும் ஆய்வில், ஏற்கெனவே அனுமதி பெற்ற பக்கத்துத் திட்டங்களின் வாகனங்களையும் கூட்ட வேண்டும். ஆனால் ஒரே சமயத்தில் மன்றத்தின் மேசையில் கிடக்கும் விண்ணப்பங்களும், எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு மன்றம் அனுமதித்த கட்டடங்களும் எளிதில் விடுபட்டுப் போகும். ஆய்வுக்குச் செலவு செய்பவர் மேம்பாட்டாளர். அதற்காகப் பொறியியலாளர்கள் பொய் எழுதுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் கேட்கப்படும் கேள்வியே குறுகலானது: இந்த ஒரு கட்டடத்தால் இந்த ஒரு முச்சந்திக்கு என்ன ஆகும்? வட்டாரம் முழுவதற்கும் என்ன ஆகும் என்பது அவர்களுடைய வேலை அல்ல. அதை யார் பார்ப்பது? உள்சாலை மன்றத்துடையது, கூட்டரசுச் சாலை பொதுப்பணி இலாகாவுடையது, டோல் நெடுஞ்சாலைக்கு மலேசிய நெடுஞ்சாலை வாரியம், ரயிலுக்கு வேறு தரப்பு. ஆளுக்கொரு துண்டு.

இன்னொன்று, இந்த மதிப்பெண் கார்களுக்குத்தான், மனிதர்களுக்கு அல்ல. நாற்பது பேர் உட்கார்ந்த பேருந்தை இரண்டு மூன்று கார்களுக்குச் சமம் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். அதனால் பரிகாரமாக வருவதும் இன்னொரு தடம், ஒரு யூ-வளைவு, ஒரு சமிக்ஞை விளக்கு. நடைபாதை கடைசிப் பக்கத்தில் இருந்தால் பாக்கியம்.

பூச்சோங்கையே எடுத்துக்கொள்வோம். டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலை, அதாவது எல்டிபி, 1999-இல் திறக்கப்பட்டது. எல்ஆர்டி அந்தப் பக்கம் நீண்டு புத்ரா ஹைட்ஸ் போய்ச் சேர்ந்தது 2016-இல். இடையில் 17 ஆண்டுகள். அதற்குள் வீடு வாங்கிய குடும்பம் முதல் காரை வாங்கி, பிள்ளை வேலைக்குப் போனதும் இரண்டாவது காரையும் வாங்கிவிட்டது. காருக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவரிடம் ரயில் வந்துவிட்டது, ஏறுங்கள் என்றால் எத்தனை பேர் ஏறுவார்கள்?

சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறான ஒரு புகார் எழுந்தது. வடகிழக்கு எம்ஆர்டி பாதை 2003-இல் திறந்தபோது, புவாங்கோக் நிலையம் கட்டி முடிந்திருந்தும் சுற்றிலும் வீடுகள் போதவில்லை என்று அதைத் திறக்கவில்லை. பொறுமையிழந்த குடியிருப்பாளர்கள் 2005-இல் அமைச்சர் வருகையின்போது அட்டையில் செய்த வெள்ளை யானைகளைச் சாலையோரம் நிறுத்தி வைத்தார்கள். 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. ஆட்கள் வருவதற்கு முன்பே நிலையத்தைக் கட்டிவிட்டு வசவு வாங்கியது அந்த ஊர். நமக்கும் அப்படி ஒரு வசவு கிடைக்கக்கூடாதா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். சாலையையும் ரயிலையும் அங்கே ஒரே ஆணையம் பார்க்கிறது. 2016 முதல், குறிப்பிட்ட வகைப் புதுக் கட்டடங்களுக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் என்ன வழி என்ற திட்டத்தையும் மேம்பாட்டாளர் கொடுத்தாக வேண்டும்.

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. (கோலாலம்பூருக்கு 1982-இன் தனிச் சட்டம்.) அதன்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் கட்டட விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 21 நாட்களுக்குள் ஆட்சேபனை தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டம் இருக்கும் இடத்தில், அந்தத் திட்டத்தின் நகல் பார்வைக்கு வைக்கப்படும்போதே பேசியிருக்க வேண்டும். அங்கே எத்தனை மாடி வரலாம் என்பது அப்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அந்தக் கண்காட்சிகளுக்கு நம்மவர்கள் போய் நான் அதிகம் பார்த்ததில்லை.

'பக்கத்து நிலம்' என்பதற்கும் எல்லை உண்டு. ஒட்டிய நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேல் அகலமில்லாத சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள நிலம், அல்லது ஒரே முட்டுச் சாலையைப் பகிர்ந்துகொள்ளும் 200 மீட்டருக்குட்பட்ட நிலம். நெரிசலோ இரண்டு தாமான் தாண்டியும் போகும், கடிதம் போகாது.

என் அம்மா வீட்டுக்கு ஒருமுறை அப்படிக் கடிதம் வந்தது. மலாயில் இரண்டு பக்கம். வரி கேட்கிறார்களோ என்னவோ என்று அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். நான் எடுத்துப் படித்தபோது ஒரு மாதம் கடந்திருந்தது. அந்த இடத்தில் இப்போது 28 மாடி நிற்கிறது. தொலைக்காட்சியில் ஊருக்கெல்லாம் தகவல் சொல்கிற ஆள் வீட்டிலேயே இப்படி!

கடிதம் வந்தால், "எங்களுக்கு நெரிசல் வரும்" என்று பொதுவாக எழுதுவதில் பயன் குறைவு. எந்தத் தேதியில் வாகனங்களை எண்ணினீர்கள், அன்று பள்ளி நடந்ததா? அக்கம்பக்கத்தில் வரப்போகும் மற்றக் கட்டடங்களின் கார்களைக் கூட்டினீர்களா? விரிவாக்குவதாகச் சொல்லும் சாலை, வீடுகளுக்குச் சாவி கொடுப்பதற்கு முன்னால் முடியுமா, பின்னாலா? இந்தக் கடைசிக் கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு பூச்சோங் பெரியவரை நாங்கள் திரும்ப அழைத்தோம். அவர் இருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் ஜொகூரில் இருக்கிறாராம். கடிதம் போயிருந்தால் அங்கேதான் போயிருக்கும். எதிரில் நான்காவது இடத்துக்கு இப்போது தகர வேலி போட்டிருக்கிறார்களாம். "குடியிருப்பாளர் சங்கத்துல நாலு பேரைக் கூட்டிக்கிட்டு மன்றத்துக்குப் போறேம்மா. அந்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்றேன். சட்ட மலாய் எனக்குப் புரியாது, பேரனையும் அழைச்சிட்டுப் போறேன்" என்றார். எந்தக் கிழமை போகலாம் என்று என்னைக் கேட்டார். வேலி போட்டாகிவிட்டதே, நாளைக்கே போங்கள் ஐயா என்றேன்.