நோட்டீஸ் வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்கிறதா?

2023 நவம்பரில் ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நஷ்டஈடு கேட்டு நோயாளியின் குடும்பம் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் 2025 பிப்ரவரியில் வருகிறது. அறுவை நடந்தபோது அவரிடம் இன்ஷூரன்ஸ் இருந்தது. 2024 மார்ச்சில் ஓய்வுபெற்றதும், இனி எதற்கு என்று புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருமா? பெரும்பாலும் தராது.

இந்தியாவில் மருத்துவர்களும் ஆடிட்டர்களும் எடுக்கும் தொழில் பொறுப்புக் காப்பீடு பொதுவாக ‘கிளெய்ம்ஸ் மேட்’ வகையைச் சேர்ந்தது. வாகன இன்ஷூரன்ஸில் விபத்து நடந்த நாளில் பாலிசி இருந்ததா என்று பார்ப்பார்கள். இங்கே, நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வந்த நாளில் பாலிசி இருந்ததா என்று பார்ப்பார்கள். அதோடு, தவறு நடந்ததாகச் சொல்லப்படும் நாள் ‘ரெட்ரோஆக்டிவ் தேதி’க்குப் பிந்தையதாகவும் இருக்க வேண்டும். முதன்முதலில் பாலிசி எடுத்த நாளே வழக்கமாக அந்தத் தேதி. விடாமல் புதுப்பித்தால் அது மாறாது. ஒரு வருடம் விட்டுப்போனால் புதிய பாலிசிக்குப் புதிய தேதி விழக்கூடும். அதற்கு முன் பார்த்த வேலைக்கெல்லாம் பாதுகாப்பு போய்விடும்.

இந்த முறை பரவியது 1970களின் அமெரிக்காவில். சிகிச்சை நடந்த ஆண்டின் பாலிசியே, எத்தனை ஆண்டு கழித்து வழக்கு வந்தாலும் பொறுப்பேற்கும் என்பது பழைய ஏற்பாடு. மருத்துவ வழக்குகள் பெருகியபோது, எதிர்காலச் செலவைக் கணித்துப் பிரீமியம் வைக்க முடியாமல் கம்பெனிகள் திணறின. 1975இல் செயின்ட் பால் என்ற இன்ஷூரன்ஸ் நிறுவனம், இனி கிளெய்ம்ஸ் மேட் பாலிசி மட்டுமே தருவதாக ரோட் ஐலண்ட் மாநில மருத்துவர்களிடம் அறிவித்தது.

கட்டணம் வாங்கித் தரும் சிகிச்சையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டப்படி புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. தகுந்த காரணம் இருந்தால் நுகர்வோர் ஆணையம் தாமதத்தையும் ஏற்கலாம். ஆகவே, கிளினிக்கை மூடியவுடன் பாலிசியையும் நிறுத்துவது ஆபத்து. ஓய்வுக்குப் பிறகு வரும் நோட்டீஸுக்கும் பொறுப்பேற்கும் நீட்டிப்புக் காலம் கிடைக்குமா என்று முன்பே கேட்க வேண்டும்.

கம்பெனி மாறுவோர், பழைய ரெட்ரோஆக்டிவ் தேதி புதிய பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். வழக்கு வரும்போல் தெரிந்தாலே கம்பெனிக்கு எழுதிவிடுவது நல்லது. பல பாலிசிகளில், அப்படித் தெரிவித்த சம்பவத்தின் மேல் பின்னாளில் வழக்கு வந்தாலும், தெரிவித்த ஆண்டின் பாலிசியே அதை ஏற்கும்.