கம்ப்யூட்டர் சூடாகி இரைகிறதா? புதிது வாங்கும் முன் திறந்து பாருங்கள்

சென்ற மாதம் ஒரு தாயார் எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். மகனின் கேமிங் கம்ப்யூட்டர் விமானம் போல இரைகிறது, சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடுகிறது என்றார். விளையாட்டுக்கு வாங்கியதுதான் என்றாலும், இப்போது அதில்தான் மகன் திருமண வீடியோக்களை எடிட் செய்து வீட்டுக்குக் கொஞ்சம் சம்பாதிக்கிறாராம். 'போர்டு போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்' என்று கடையில் சொன்னதால் கடனுதவி கேட்டு வந்திருந்தார்.

கடன் கொடுக்குமுன் பார்த்துவிடுவோம் என்று எங்கள் கணினி வகுப்புத் தம்பியை அனுப்பினோம். பிராசசர் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையே தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தது. சுத்தம் செய்து, புதிய தெர்மல் பேஸ்ட் தடவியதோடு வேலை முடிந்தது. கடன் தேவைப்படவில்லை. மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்றே இதை எழுதுகிறோம்.

பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அந்த வெப்பத்தைத் தகடுகள் வாங்கிக்கொள்ள, ஃபேன் அதை வெளியே தள்ளுகிறது. வழி அடைபட்டால் ஃபேன் இன்னும் வேகமாகச் சுழலும். அதுவும் போதாதபோது பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசியில் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆகவே இரைச்சல் நோயல்ல, நோயின் அறிகுறி.

முதலில் அளந்து பாருங்கள். 'ஹெச்டபிள்யூஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் வெப்பநிலையைக் காட்டும். விளையாடும்போது 60 முதல் 80 டிகிரி இருந்தால் கவலை இல்லை. 90-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரிக்குள் வேகத்தைக் குறைத்துவிடும். அறையின் சூடு 10 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். கோடையில் இதை மறக்க வேண்டாம்.

அடுத்து, சத்தத்தைக் கேளுங்கள். காற்று சீறும் சத்தம் என்றால் காரணம் வெப்பம். கடகட என்றோ உரசலாகவோ கேட்டால், ஒயர் இறக்கையில் படுகிறது அல்லது ஃபேனின் பேரிங் தேய்ந்துவிட்டது. அந்த ஒரு ஃபேனை மாற்றினால் போதும்.

பிறகு, கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் விளையாடச் சொல்லுங்கள். சூடு நன்றாகக் குறைந்தால் காற்றோட்டம்தான் குறை. மேசையின் மூடிய அறைக்குள்ளோ சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேற்பக்கமும் உள்ளவை வெளியே தள்ள வேண்டும். மூடி திறந்தும் சூடு குறையாவிட்டால், தகடுகளில் தூசி அடைத்திருக்கும், பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலர் சரியாகப் பொருந்தியிருக்காது.

சுத்தம் செய்யுமுன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்துங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டபின் வேலையைத் தொடங்குங்கள். மென்மையான பிரஷ்ஷும் புளோயரும் போதும். காற்று அடிக்கும்போது இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கக்கூடும்.

கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதியதைப் பட்டாணி அளவு வையுங்கள். அதிகம் வைப்பதால் நன்மை இல்லை. கூலரின் நான்கு மூலைகளும் சமமாக இறுகியிருக்க வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு விநாடிக்கு 60 பிரேம் போதும். விளையாட்டின் அமைப்பில் அந்த வரம்பை வைத்தால் கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு குறையும், சூடும் சத்தமும் குறையும்.

ஓர் எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

இவ்வளவு செய்தும் சரியாகாவிட்டால், குறித்துவைத்த வெப்பநிலை அளவுகளோடு கடைக்குச் செல்லுங்கள். எதைச் சரிபார்த்தோம் என்று சொல்லத் தெரிந்தவரிடம் வீண் செலவு வைப்பது எளிதல்ல. தனியாகத் திறக்கத் தயங்கும் பிள்ளைகள் எங்கள் கணினி வகுப்புக்குக் கொண்டுவரட்டும், சேர்ந்தே திறந்து பார்ப்போம்.