போர் போடும் முன் சாட்டிலைட் பாருங்கள்!

திருமுடிவாக்கத்தில் மனை வாங்கி போர் போடப் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். காப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் சென்டினல்-2 சாட்டிலைட் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியைத் தேடி, 2019 ஜூன், 2022 ஜனவரி படங்களை என்.டி.டபிள்யூ.ஐ. முறையில் ஒப்பிடுங்கள். தண்ணீர் நீல நிறத்தில் தெரியும். முதல் படத்தில் ஏரி வறண்டிருக்கும், அடுத்ததில் நிரம்பியிருக்கும்.

ஆனால் சாட்டிலைட் காட்டுவது மேற்பரப்பை மட்டுமே. இப்பகுதியின் அடியில் இருப்பது கடும்பாறை. பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிகளே இதற்குச் சாட்சி. அவற்றில் தேங்கிய நீர்தான் 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிநீரானது.

நிலத்தடியை அறிய மின்தடை சர்வே உதவும். நான்கு கம்பிகளை நிலத்தில் ஊன்றி, வெளிக்கம்பிகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளில் வோல்டேஜை அளப்பார்கள். வெடிப்பில்லாத பாறையில் மின்தடை மிக அதிகம். நீருள்ள சிதைந்த பாறையில் குறைவு. ஈரக் களிமண்ணும் குறைவாகவே காட்டும்! எனவே அக்கம்பக்கத்து போர்களின் ஆழத்தையும் விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.