மங்கியது கண்ணா, கண்ணாடியா?

"கண்ணு மறுபடியும் மங்குதுடா!" என்றார் அப்பா. முகவாயில் இரண்டு இடத்தில் ரத்தம். மேலே பேப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது.

எனக்குப் பகீரென்றது. புரை ஆபரேஷன் செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 72 வயதிலும் தன் முகத்தைத் தானே சவரம் செய்துகொள்கிற மனுஷர். அடுத்தவர் கையில் முகத்தைக் கொடுப்பதென்றால் அவருக்கு அது கௌரவப் பிரச்னை!

அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடினோம். லென்ஸ் வைத்துப் பார்த்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, "கண்ணு பளிச்னு இருக்கே ஐயா... எப்போ மங்குது?" என்றார்.

"காலைல."

"எங்கே?"

"பாத்ரூம்ல மட்டும்!"

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வீட்ல கீசர் புதுசா?"

புதுசுதான். மார்கழிக் குளிருக்காக நான் மாட்டியது. அதுவரை அப்பா கூடத்து ஜன்னல் கம்பியில் சின்னக் கண்ணாடியை மாட்டித்தான் சவரம் செய்வார். 'வாளியில் வெந்நீர் ரொம்புகிற நேரத்தில் முடித்துவிடலாமே' என்று அவரைப் பாத்ரூமுக்குக் குடிமாற்றிய புண்ணியவானும் நானே!

நான் பி.காம். ஆகவே கணக்காகச் சொல்கிறேன். ஒரு கன மீட்டர் காற்று, 30 டிகிரி சூட்டில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான். மீதி 13 கிராமை எங்கே வரவு வைப்பது? சில்லென்றிருக்கும் கண்ணாடியின் கணக்கில்! குட்டிக் குட்டித் துளிகளாக உட்கார்ந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. துண்டால் துடைத்தும் பிரயோஜனமில்லை. கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருப்பதால் அடுத்த நிமிஷமே மறுபடி 'டெபாசிட்'!

வைத்தியம் ரொம்ப சிம்பிள். உலர்ந்த கண்ணாடியில் உலர்ந்த சோப்பை லேசாகத் தடவி, பழைய பனியன் துணியால் பளிச்சென்று ஆகிறவரை தேயுங்கள். சோப்புப் படலம் நீரைத் துளியாகத் திரளவிடாமல் மெல்லிய ஏடாகப் பரப்பிவிடும். முகம் தெரியும். சில நாள் தாங்கும். பிறகு மறுபடி தேய்க்க வேண்டியதுதான். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர் என்று பிடித்தால் ஆவியும் குறையும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் குழாயைத் திறக்குமுன்பே போட்டுவிடுங்கள்.

மறுநாள் விடிகாலை, சோப்பும் பனியனுமாக நான் பாத்ரூமில் நிற்பதைப் பார்த்தாள் மனைவி. "தேய்க்கறதுதான் தேய்க்கறீங்க, அப்படியே தரையையும் ஒரு தேய் தேய்ச்சுடுங்களேன்!"

அப்பா குளித்துவிட்டு வெளியே வந்தார். முகம் வழவழ. ஒரு கீறல்கூட இல்லை.

"தெரிஞ்சுதாப்பா?"

"நல்லாத் தெரிஞ்சுதுடா. பதினஞ்சு நாளா பயந்துக்கிட்டே இருந்தேன். மறுபடியும் உனக்குச் செலவு வைக்க வேணாம்னுதான் சொல்லாம இருந்தேன்..."

சட்டென்று எனக்குக் கண் மங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது கீசர் ஓடவில்லை!