விருந்தினராய் இருந்து கற்கும் மொழி

ஒரு மொழியைக் கற்பது வேறு. அம்மொழி பேசுவோரின் வீட்டில் வாழ்வது வேறு. இவ்வேறுபாட்டை அறிய, கோடை விடுமுறையில் அமெரிக்கக் குடும்பங்களில் தங்கச் செல்லும் ஜெர்மானிய மாணவர்களின் அனுபவம் நல்ல சான்றாகும். ஜெர்மனியில் பெரும்பாலான மாணவர்கள் தொடக்கப்பள்ளியிலேயே ஆங்கிலம் கற்கத் தொடங்கிவிடுகின்றனர். பதினாறு வயதில் அமெரிக்கா செல்லும் மாணவருக்கு ஆங்கில இலக்கணம் ஓரளவு கைவந்திருக்கும். ஆயினும் முதல் வாரத்தில் அவர் தடுமாறுகிறார். அத்தடுமாற்றம் எங்கே நிகழ்கிறது, அது எதைக் கற்பிக்கிறது என்பதை இவ்வுரையில் காண்போம்.

பகைமை நீங்கிய வரலாறு

இவ்விரு நாடுகளும் இரண்டு உலகப் போர்களில் எதிரெதிரே நின்றவை. முதல் உலகப் போரில் காயமுற்றோரை மருத்துவ ஊர்திகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்களின் அமைப்பு ஏஎஃப்எஸ். இரண்டாம் போரிலும் அப்பணியை ஆற்றிய அவ்வமைப்பினர், போர் முடிந்தபின் 1946இல் மாணவர் பரிமாற்றத்தைத் தங்கள் பணியாக ஏற்றனர். போரின் கொடுமையை நேரில் கண்டவர்களே இளையோரை அயல்நாட்டு வீடுகளுக்கு அனுப்ப முன்வந்தனர் என்பது எண்ணத்தக்கது.

1972இல் ஜெர்மானிய, அமெரிக்கப் பள்ளிகளை இணைக்கும் கூட்டுறவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த திட்டத்திற்கு ஒரு பழைய நிகழ்வே காரணம். 1683இல் கிரேஃபெல்ட் நகரிலிருந்து 13 குடும்பங்கள் பிலடெல்ஃபியா சென்று, ஜெர்மன்டவுன் என்னும் குடியேற்றத்தை நிறுவின. அதன் 300ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1983இல் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் இணைந்து ஓராண்டுப் பரிமாற்றத் திட்டத்தை உருவாக்கின. திட்டங்களின் கால அளவு வேறுபடினும் பள்ளி மாணவர் ஒரு குடும்பத்தோடு தங்குவதே இவற்றின் உயிர்நாடி.

பள்ளி மூடியிருக்கும் காலம்

ஜெர்மனியில் கோடை விடுமுறை ஏறத்தாழ ஆறு வாரம். 16 மாநிலங்களும் அதனை ஒரே நாளில் தொடங்குவதில்லை. அமெரிக்காவிலோ அது இரண்டு மாதத்திற்கும் மேல் நீள்கிறது. ஆதலால் கோடையில் செல்லும் மாணவர் பெரும்பாலும் பள்ளியைக் காண்பதில்லை, வீட்டையே காண்கிறார். சமையலறையும் தோட்டமும் அண்டை வீடுமே அவருக்கு வகுப்பறைகள்.

அங்கே அவருடைய உரிமைகளும் தலைகீழாகின்றன. ஜெர்மனியில் பதினாறு வயதில் பீர் வாங்கலாம். தனியே மகிழுந்து ஓட்டப் பதினெட்டு வயதாக வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பதினாறு வயதினர் மகிழுந்து ஓட்டுகின்றனர்; மது வாங்கவோ 21 வயதாக வேண்டும். ஊரில் மிதிவண்டியிலும் தொடர்வண்டியிலும் தம் விருப்பப்படி சென்றுவந்த மாணவர், பேருந்து இல்லாத புறநகரில் கடைக்குச் செல்லவும் பிறரை எதிர்பார்க்க நேர்கிறது. உதவி கேட்பதற்குரிய மொழியை அவர் அங்கேதான் கற்கிறார்.

அறிந்த சொல்லின் அறியாத பொருள்

ஒலியால் ஒத்த சொற்கள் முதலில் ஏமாற்றுகின்றன. ஆங்கிலத்தில் பரிசைக் குறிக்கும் ‘கிஃப்ட்’, ஜெர்மன் மொழியில் நஞ்சைக் குறிக்கும். ‘பெகோமன்’ என்னும் ஜெர்மன் வினை ‘பெறுதல்’ எனப் பொருள்படும். ஆங்கிலத்தின் ‘பிகம்’ ‘ஆகுதல்’ எனப் பொருள்படும். ‘எனக்குத் தேநீர் கிடைக்குமா?’ என்று கேட்க எண்ணியவர், ‘நான் தேநீர் ஆகலாமா?’ என்று கேட்டுவிடக்கூடும். இப்பிழை சிரிப்போடு முடிந்துவிடும்.

பழக்கத்தைச் சார்ந்த பிழை அவ்வளவு எளிதில் தீராது. ஜெர்மன் மொழியில் நெருங்கியோரை ‘டூ’ என்றும், மற்றப் பெரியோரை ‘ஸீ’ என்றும் விளிப்பர். நம் ‘நீ’, ‘நீங்கள்’ போன்ற வேறுபாடே இது. ஆங்கிலத்தில் அனைவருக்கும் ‘யூ’ ஒன்றே. வீட்டுத் தலைவியைப் பெயர் சொல்லி அழைக்குமாறு முதல் நாளே கேட்டுக்கொண்டால், மாணவர் அதனைப் பெரும் நெருக்கமாகக் கருதக்கூடும். கடையில் பணியாளர் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால், அதனை உண்மையான வினாவாக எண்ணி விரிவாக விடையிறுக்கக்கூடும். ‘நண்பர்’ என்னும் சொல்லையும் ஜெர்மானியர் சிலருக்கே உரியதாகக் காக்கின்றனர். மற்றவர் ‘அறிமுகமானவர்’ மட்டுமே. அமெரிக்கர் அச்சொல்லைத் தாராளமாக வழங்குகின்றனர். ‘இவர்கள் மேம்போக்கானவர்கள்’ என்று மாணவரும், ‘இவர் இறுக்கமானவர்’ என்று குடும்பத்தாரும் தவறாக முடிவு செய்வதற்கு இவ்வொரு சொல்லே போதும்.

கடினமான வினா

ஜூலை 4ஆம் நாள் அமெரிக்க விடுதலை நாள். வீடுதோறும் கொடி பறக்கும். இரவில் வாணவேடிக்கை நிகழும். ஜெர்மனியில் காற்பந்துப் போட்டிக் காலங்கள் தவிர வீடுகளில் கொடி காண்பது அரிது. நாட்டுப்பண்ணாக ஒரு பழைய பாடலின் மூன்றாம் பத்தி மட்டுமே இசைக்கப்படுகிறது. நாஜி ஆட்சி விட்டுச்சென்ற தயக்கமே இதற்குப் பெருங்காரணம். ‘உங்கள் நாட்டில் ஏன் இப்படிக் கொண்டாடுவதில்லை?’ என்று அவ்வீட்டுச் சிறுவன் கேட்டால் மாணவர் என் சொல்வார்? ‘ஹிட்லரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று ஒருவர் கேட்டால்?

இக்கொடுமைகளைப் பற்றி அவர் பள்ளியில் விரிவாகவே படித்திருப்பார். வதைமுகாம் நினைவிடம் ஒன்றிற்கும் சென்றிருக்கக்கூடும். ஆயினும் தம் நாட்டினர் நடுவே தேர்வுக்கு எழுதிய விடை இங்கே உதவாது. எதிரில் இருப்பவரின் பாட்டனார் அப்போரில் போரிட்டவராகவோ, அக்கொடுமைக்கு உறவினரை இழந்தவராகவோ இருக்கலாம். மழுப்பாமலும், தாம் பிறக்கும் முன் நிகழ்ந்த குற்றத்தைத் தாமே புரிந்தவர்போல் குறுகாமலும், உண்மையை இரவல் மொழியில் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு உரைக்க முயலும்போதுதான் தம் நாட்டைத் தாம் எவ்வளவு அறிந்துள்ளோம் என்பதை அவர் உணர்கிறார்.

ஆசிரியர்க்கு ஒரு பணி

அயல்நாடு செல்லும் மாணவர்க்கு நாம் பெரும்பாலும் சொற்பட்டியலையும் பயண விதிகளையுமே தருகிறோம். அவற்றோடு, அவர்தம் நாட்டைப் பற்றி எழக்கூடிய கடினமான வினா ஒன்றையும் முன்வைத்து, அதற்கு விடை கூறப் பழக்கலாம். திரும்பி வந்தபின், ‘என்னென்ன பார்த்தாய்?’ என்பதோடு நில்லாமல், ‘எதைத் தவறாகப் புரிந்துகொண்டாய்? அதை எவ்வாறு அறிந்தாய்?’ என்றும் கேட்கலாம். பயணத்தில் அவர் கற்றது அவ்விடையில் வெளிப்படும்.