தொழிலை விடாது எழுத்துக்கலை பயிலும் வழி

எழுத விருப்பம் உண்டு, நேரந்தான் இல்லை என்பது புலம்பெயர்ந்த நம்மவரிடையே அடிக்கடி கேட்கும் சொல். இரவு வேலை, பிள்ளைகளின் பாடசாலை, தஞ்சக் கோரிக்கையின் விசாரணை ஆகியவற்றுக்கு நடுவே எழுத்து என்றும் நாளைக்கென ஒத்திவைக்கப்படுகின்றது. இத்தகைய இடர்ப்பாட்டை மனங்கொண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட கற்கைநெறி ஒன்றை நம் வாசகர் அறிந்திருத்தல் பயனுடையது.

ஆக்க இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியதில் முன்னோடியாக விளங்கியது அயோவாப் பல்கலைக்கழகம். 1936இல் அங்கு தொடங்கிய எழுத்தாளர் பட்டறையின் வழியில் எழுந்த கற்கைநெறிகளில் சேர்வோர் வளாகத்தை அண்டியே வாழவேண்டியிருந்தது. தொழிலும் குழந்தைகளும் உடைய பலருக்கு அக்கதவு அடைபட்டே கிடந்தது. 1976இல் வேர்மொன்ற் மாநிலத்தின் கொடார்ட் கல்லூரியில் கவிஞர் எலன் பிறயன்ற் வொய்ற் வேறொரு வழியைத் திறந்தார். ஆண்டுக்கு இருமுறை சில நாட்கள் மட்டும் கல்லூரியில் தங்குதல், எஞ்சிய மாதங்களில் வீட்டிலிருந்தவாறே ஆசிரியருடன் அஞ்சலில் தொடர்பு கொள்ளுதல் என்பதே அது. 2020இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் லூயிஸ் குளுக் அங்கு கற்பித்தோருள் ஒருவர்.

1981இல் இக்கற்கைநெறி வட கரோலைனாவின் வொரன் வில்சன் கல்லூரிக்கு இடம் மாறியது. அதே ஆண்டில் வேர்மொன்ற் கல்லூரியிலும், 1994இல் பெனிங்டன் கல்லூரியிலும் இதனையொத்தவை ஆரம்பமாயின. கொடார்ட் கல்லூரி 2024இல் மூடப்பட்டுவிட்ட போதிலும் அங்கு பிறந்த முறை பல இடங்களில் வாழ்கின்றது.

வொரன் வில்சனில் நிலைபெற்ற ஒழுங்கின்படி, இரண்டு ஆண்டுகள் நான்கு தவணைகளாக வகுக்கப்பட்டன. ஒவ்வொரு தவணையும் பத்து நாள் தங்கலுடன் தொடங்கும். விரிவுரைகளும் பட்டறைகளும் அப்போது நிகழும். பின்னர் மாணவர் வீடு திரும்பி, ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தமது ஆக்கங்களையும், வாசித்த நூல்கள் பற்றிய குறிப்புகளையும் ஒரு பொதியாக ஆசிரியருக்கு அனுப்புவர். ஆசிரியர் விரிவான கடிதமொன்றில் மறுமொழி எழுதுவார். ஓர் ஆசிரியரிடம் ஒரு சில மாணவரே இருப்பர். வாசிப்புக் குறிப்பில் முதன்மை பெறுவது நூலின் கருத்தன்று. ஒரு காட்சியை நூலாசிரியர் எவ்வாறு அமைத்தார், எங்கு நிறுத்தினார் என்பதே வினா. ஈற்றில் முழுமையான ஆக்கமொன்றைச் சமர்ப்பித்தவர் நுண்கலை முதுமாணிப் பட்டம் பெறுவர்.

இதன் குறைகளையும் மறைத்தல் தகாது. முழுக் கற்கைக்குப் பல பத்தாயிரம் டொலர் செலவாகும். வளாகத்தில் தங்கிப் பயில்வோருக்குச் சில பல்கலைக்கழகங்கள் வழங்கும் முழு உதவித்தொகை இங்கு அரிது. பட்டம் பெற்றவருக்கு ஆசிரியப் பணி நிச்சயமுமில்லை. கற்பிக்கும் மொழி ஆங்கிலம். ஆங்கிலத்தில் எழுதும் நம் இளந்தலைமுறையினருக்கு இது பொருந்தலாம். ஆனால், வேறொரு நாட்டில் தஞ்ச முடிவை எதிர்நோக்கி, பயண ஆவணமின்றி இருப்பவருக்கு அந்தப் பத்து நாட்களும் எட்டாதவை.

எனினும், கற்கையின் பெரும்பகுதி நிகழ்வது வளாகத்தில் அன்று, சமையலறை மேசையில். அதற்கு விசா தேவையில்லை. குறித்த தவணை, கண்டிப்பான ஒரு வாசகர், ஆராய்ந்து வாசிக்கும் பழக்கம் ஆகிய மூன்றுமே அதன் உயிர்நாடி.

குருவை அண்டிக் கற்றல் நமக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், 1876இல் அவர் மறையும்வரை பாடங்கேட்டார். வெவ்வேறு நகரங்களில் சிதறி வாழும் நமக்கு அந்த அண்மை வாய்ப்பதில்லை. ஆயின் பாரிசில் இருப்பவர் எழுதியதை ரொறன்ரோவில் இருப்பவர் ஊன்றி வாசித்துத் திருத்தி அனுப்புவதற்கு எந்த எல்லையும் தடையன்று. முகத்துதி வேண்டாம். இந்த இடத்தில் நம்பமுடியவில்லை, இங்கு அவசரப்பட்டுவிட்டீர் என்று சொல்லும் துணிவே வேண்டும்.

நாம் கண்டவற்றையும் இழந்தவற்றையும் அறிந்தோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவற்றை எழுதுவதற்குரிய ஓய்வு ஒருநாள் தானாக வரும் எனக் காத்திருப்பது வீண். எழுதத் துணிந்த இருவர் தமக்குள் ஒரு தவணையைக் குறித்துக்கொள்ளட்டும். முதற்பொதி மூன்று வாரத்தில் போய்ச் சேரட்டும்.